வாயும் கையும்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொல்தான் கைம்முதல். நெசவாளிக்கு நூல் எப்படியோ, அப்படி. ஆகையால், "சொல்லே காதில் விழாத ஒரு குழந்தை எப்படி யோசிக்கும்?" என்று யாராவது கேட்டால் மற்றவர்கள் சும்மா இருந்துவிடலாம், எனக்கு மட்டும் வயிற்றில் சிறிது கலக்கம் உண்டாகும். இந்தக் கேள்வியை முதன்முதலில் என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தியவள் ஒரு சிறு பெண். அவள் வாய் திறந்து கேட்கவில்லை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

எங்கள் கிராமத்தில் அடுத்த வீட்டுப் பெண். என்னைவிட ஒரு வயது இளையவள். பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் அது ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. ஊரார் வைத்த பெயர் 'ஊமைச்சி.'

அவளுக்கும் என் பாட்டிக்கும் பெரிய சிநேகிதம். இருவரும் சேர்ந்து ஒரு தனிப் பாஷையே உண்டாக்கி வைத்திருந்தார்கள். தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் முண்டாசுக்காரர், அதாவது பால்காரர். மூக்கைச் சுளித்து நாக்கைக் கொட்டினால் மோர் புளித்துவிட்டது. கயிற்றை இழுப்பதுபோல் கையை மேலும் கீழும் அசைத்தால் கோயில் மணி, கோயில், சுண்டல் ஆகிய மூன்றும். சந்தர்ப்பத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியது. எனக்கும் அந்தப் பாஷையில் ஒரு பெயர் இருந்தது. சட்டைக் காலரைக் கடிக்கும் கெட்ட வழக்கம் எனக்கு அந்த நாளில் உண்டு. பாட்டி தன் புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக் காட்டினால் அது சாட்சாத் நான்தான்.

ஏழு வயதில் அவளை வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் விடுமுறைக்கு அவள் வந்தபோது கூடவே ஓர் உத்தரவும் வந்தது. வீட்டில் யாரும் அவளிடம் கையால் பேசக் கூடாது. அவள் முகத்துக்கு நேரே நின்று வாயால்தான் பேச வேண்டும். கைக்குப் பழகிவிட்டால் வாய் வராது என்று ஆசிரியர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் தகப்பனார் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து, "பாட்டி, முக்கியமா நீங்கதான் கையை அடக்கணும்" என்று கேட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பாட்டி இரண்டு கைகளையும் மடியில் புடவைக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் வெற்றிலை. அந்த வாயைத்தான் குழந்தை பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்! கொஞ்ச நேரம் அவள் பார்த்தாள். பிறகு மெதுவாகப் புடவை மடிப்பை விலக்கிப் பாட்டியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். பாட்டிக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "ஏண்டாப்பா, பேசக் கத்துக் கொடுக்கிறதுக்குக் கையைக் கட்டிப் போடுவாளா யாராவது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் பதில் சொல்லும் வயதில் இல்லை.

பிற்காலத்தில் சரித்திரப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, பாட்டி கேட்டது இருநூற்றைம்பது வருஷத்து வழக்கு என்று. வாதி கை; பிரதிவாதி வாய். இடையிடையே சில நல்ல ஆசிரியர்கள் எழுந்து, "சண்டை எதற்கு? இரண்டையும் சேர்த்தே உபயோகிப்போமே" என்று சமரசம் பேசியிருக்கிறார்கள். அந்தச் சமரசம் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

வழக்கு தொடங்கிய இடம் பாரிஸ் பட்டணம். 1760-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். ஷார்ல் மிஷேல் த லெப்பே என்ற பாதிரியார் ஏதோ காரியமாக ஒரு வீட்டுக்குப் போனார். உள்ளே இரண்டு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் பேசினார்; அவர்கள் தலை நிமிரவில்லை. மறுபடியும் பேசினார், பதில் இல்லை. 'என்ன மரியாதையற்ற பெண்கள்!' என்று அவர் நினைக்கும் சமயத்தில் தாயார் வந்து, இருவருக்கும் காது கேளாது என்று சொல்லி அழுதாள். அவர்களுக்குப் படங்களைக் காட்டி ஏதோ சொல்லிக் கொடுத்து வந்த இன்னொரு பாதிரியாரும் காலமாகிவிட்டார் என்றாள். த லெப்பே அந்த வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் வீட்டில் தொடங்கிய வகுப்பு பிறகு பள்ளிக்கூடமாக வளர்ந்தது. 1777-ல் ஆஸ்திரிய சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போய் வியன்னாவிலும் ஒன்றை உண்டாக்கினார் என்றால் அதன் புகழை ஊகித்துக் கொள்ளலாம்.

த லெப்பே செய்த பெரிய காரியம், பிள்ளைகள் கையால் பேசுவதை அவர் தடுக்காததுதான். தாமே மாணவராக இருந்து அவர்களுடைய சைகைகளைக் கற்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் இலக்கணப் பிரியர். இந்தச் சைகைகளில் பிரெஞ்சு இலக்கணம் இல்லையே என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது. பிரெஞ்சில் மேஜைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு. ஆகவே ஆண்பாலுக்குத் தொப்பியைத் தொடுவதுபோல் ஒரு சைகை. பெண்பாலுக்குக் குல்லாய் முடியும் இடமான காதைத் தொடுவதுபோல் ஒன்று. இறந்த காலத்துக்குக் கையைத் தோளுக்குப் பின்னால் வீச வேண்டும். இறந்த காலத்திலேயே ஒன்றுக்கு முந்திய இன்னொன்று உண்டு. அதற்கு இன்னும் அதிக வீச்சு. ஒரு சிறிய வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பையனுக்குத் தோள்பட்டை வலி கண்டிருக்கும்.

இதுதான் முதல் சமரசம். வாயின் இலக்கணத்தைக் கையின் தலையில் ஏற்றிய சமரசம். பார்க்க அது பிரமாதமாக இருந்தது. ஆசிரியர் சைகை காட்டக் காட்ட, பிள்ளைகள் பலகையில் பிழையில்லாத பிரெஞ்சை எழுதினார்கள். பிரபுக்கள் கை தட்டினார்கள். ஆனால், "நீயாக ஒரு வாக்கியம் எழுது" என்றால் பிள்ளைகள் விழித்தார்கள். தந்தியாபீஸ் பையன் தந்தியைக் கொண்டுவந்து கொடுப்பதுபோல வாக்கியம் வந்தது. உறைக்குள் என்ன இருக்கிறதென்று பையனுக்குத் தெரியாது.

அதே காலத்தில் பாரிஸில் பியர் தெலோஜ் என்று ஒருவர் இருந்தார். புத்தகம் பைண்டு செய்பவர். ஏழு வயதில் அம்மை போட்டுக் காது போனவர். இவர் 1779-ல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பாதிரியாருடைய பள்ளிக்கூடத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காத காது கேளாதவர்கள் பாரிஸில் எத்தனையோ பேர் இருக்கிறோம். எங்களுக்குள் சைகையால் எல்லா விஷயங்களையும் குறைவில்லாமல் பேசிக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். கை தன் கட்சியைத் தானே எடுத்துச் சொன்ன முதல் வாக்குமூலங்களில் இது ஒன்று. பெரியவர்கள் இதைப் படித்தார்கள், பாராட்டினார்கள், மறந்தும் போனார்கள்.

இதற்கிடையில் ஜெர்மனியில் ஸாமுவேல் ஹைனிக்கே என்பவர் 1778-ல் லைப்ஸிக் நகரில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அவர் வாய்க் கட்சி. ஒலி இல்லாமல் தெளிவான எண்ணமே இல்லை என்பது அவர் சித்தாந்தம். இருவரும் கடிதத்தில் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜூரிச் நகரத்து அறிஞர்களிடம் வழக்கு போயிற்று. அவர்கள் த லெப்பே பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த முதல் சுற்றில் கை ஜெயித்தது. ஆனால் இலக்கண மூட்டையைச் சுமந்த கை அல்ல. அந்த மூட்டை அடுத்த ஐம்பது வருஷங்களில் ஆசிரியர்களாலேயே இறக்கி வைக்கப்பட்டது. பிள்ளைகளின் இயற்கையான சைகையே போதும், அதன் வழியாகப் பிரெஞ்சைக் கற்றுக் கொடுக்கலாம் என்று 1817-ல் பெபியான் என்ற ஆசிரியர் எழுதினார். மெல்ல மெல்ல அதுவே நடைமுறைக்கும் வந்தது.

*

இனி கதை கப்பலேறி அமெரிக்காவுக்குப் போகிறது. ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு டாக்டர். அவருடைய மகள் ஆலிஸ் குழந்தைப் பருவத்தில் காய்ச்சலில் காதை இழந்தவள். அந்தப் பெண்ணிடம் இரக்கம் கொண்ட தாமஸ் கேலடெட் என்ற இளம் பாதிரியாரை, வழி தெரிந்துகொண்டு வரும்படி 1815-ல் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிரிட்டனில் அப்போது இந்தப் போதனை பிரெய்ட்வுட் என்ற குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்கள் வாய்ப்பேச்சு முறைக்காரர்கள். சித்த வைத்தியர் சிலர் மருந்து முறையை மறைப்பதுபோல் அவர்களும் முறையை ரகசியமாக வைத்திருந்தார்கள். கேலடெட் வெறுத்துப்போய்ப் பாரிஸுக்குச் சென்றார். அங்கே எல்லாம் திறந்த கதவு.

பாரிஸ் பள்ளிக்கூடத்தில் லோரான் க்ளேர் என்ற ஆசிரியர் இருந்தார். 1785-ல் பிறந்தவர், காது கேளாதவர். சிறு வயதில் ஓர் உதவி ஆசிரியர் அவருக்கு உச்சரிப்புக் கற்பித்தபோது, சொல் சரியாக வராத கோபத்தில் மோவாயில் குத்தினார். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இனி இந்த வாயால் பேசுவதில்லை என்று அன்று முடிவு செய்தவர் க்ளேர். ஆயுள் முழுதும் பேசவில்லை. ஆனால் அவர் எழுதிய பிரெஞ்சும் பிறகு எழுதிய இங்கிலீஷும் சபைகளில் மெச்சப்பட்டன.

1816-ல் கேலடெட்டும் க்ளேரும் ஒரே கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். 52 நாள் பிரயாணம். கப்பல் தளத்தில் க்ளேர் கேலடெட்டுக்குச் சைகை கற்றுக் கொடுத்தார். கேலடெட் க்ளேருக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுத்தார். எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். வாயும் கையும் கலந்த சமரசங்களில் இதுதான் நியாயமானது என்று தோன்றுகிறது. ஒருவர் பாஷையை மற்றவர் அதனதன் மரியாதையோடு கற்றுக்கொண்டார்கள். ஒன்றை மற்றொன்றின் முதுகில் ஏற்றவில்லை.

1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் பள்ளிக்கூடம் திறந்தது. படித்துத் தேறிய காது கேளாதவர்களே ஆசிரியர்களாகி ஊர் ஊராகப் போனார்கள். 1864-ல் வாஷிங்டனில் அவர்களுக்கென்று ஒரு கல்லூரிக்கு அதிகாரம் அளிக்கும் சட்டத்தில் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். அதற்குத் தலைவராக வந்தவர் தாமஸ் கேலடெட்டின் மகன் எட்வர்டு. அவருடைய தாயார் ஸோஃபியா காது கேளாதவர். தாய்மடியில் சைகை கற்ற அந்த மனிதர், 1867-ல் ஐரோப்பியப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "பேச்சு வரக்கூடிய பிள்ளைகளுக்குப் பேச்சும் கற்றுக் கொடுப்போம், சைகையை மட்டும் விட வேண்டாம்" என்றார். இதற்குக் 'கூட்டு முறை' என்று பெயர் வந்தது. கவனியுங்கள்: ஒரே மூச்சில் வாயும் கையும் என்று அவர் சொல்லவில்லை. அவரவர் சக்திக்குத் தக்கபடி அதது என்றுதான் சொன்னார்.

*

அந்த நிதானத்துக்கு ஆயுசு குறைவு. 1880 செப்டம்பரில் இத்தாலியில் மிலான் நகரில் ஆசிரியர்களின் சர்வதேச மகாநாடு கூடியது. வந்தவர்கள் நூற்றறுபது சொச்சம் பேர். பெரும்பாலோர் இத்தாலியர்களும் பிரெஞ்சுக்காரர்களும். காது கேளாதவர் என்று பார்த்தால் அமெரிக்காவிலிருந்து போன ஜேம்ஸ் டெனிசன் போன்று ஓரிருவர்தாம். கல்யாணப் பெண்ணைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் கூடி நிச்சயதார்த்தம் பண்ணியது போல.

அங்கே நிறைவேறிய முதல் தீர்மானம், சைகையைவிடப் பேச்சே மேலானது என்றது. இரண்டாவது தீர்மானம்தான் நம் கதைக்கு முக்கியம். பேச்சையும் சைகையையும் ஒரே சமயத்தில் சேர்த்து உபயோகித்தால் பேச்சும் கெடும், உதட்டைப் பார்த்து அறிவதும் கெடும், கருத்தின் தெளிவும் கெடும். ஆகவே சுத்தமான வாய்மொழி முறையையே கைக்கொள்ள வேண்டும் என்று அது சொன்னது. எட்வர்டு கேலடெட்டும் இன்னும் சிலரும் எதிர்த்துக் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே ஏறக்குறைய போதும்.

வாய்க் கட்சிக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வக்கீல் கிடைத்தார். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்தான் அவர். இவரைக் கொடியவர் என்று சொல்வதற்கில்லை. இவர் தாயாருக்குக் காது கேட்காது. மனைவி மேபலுக்கும் குழந்தைப் பருவத்திலேயே கேட்காமல் போயிற்று. தாயாரிடம் விரலெழுத்தால் பேசியவர். சைகையும் நன்றாகத் தெரிந்தவர். ஆனாலும் சைகை இருந்தால் இவர்கள் தங்களுக்குள்ளேயே கூடி, தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டு, தனி இனமாகிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். 1883-ல் அதை எழுதியும் வைத்தார். பிறகு பிரிட்டிஷ் அரசாங்கக் கமிஷன் முன் பெல் ஒரு பக்கமும் எட்வர்டு கேலடெட் மறு பக்கமும் சாட்சியம் சொன்னார்கள். இருவரும் காது கேளாத தாய்மாரின் பிள்ளைகள். அன்பு ஒன்றுதான், முடிவுதான் நேர் எதிர்.

பிறகு நடந்தது பல தேசங்களில் ஒரே மாதிரி. காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். பேசத் தெரியாதவர் பேச்சை எப்படிக் கற்பிக்க முடியும்? சில பள்ளிகளில் பிள்ளைகளைக் கைமேல் உட்கார வைத்தார்கள். சில இடங்களில் கையைக் கட்டினார்கள். 1913-ல் ஜார்ஜ் வெடிட்ஸ் என்ற காது கேளாத அமெரிக்கர், எங்கள் பாஷை அழிந்து போகுமோ என்று அஞ்சி, ஊமைப் படம் ஓடிய அந்த நாளிலேயே சைகையில் தாம் பேசுவதைச் சினிமாப் பிடித்து வைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

நம் தேசத்திலும் முதல் பள்ளிக்கூடங்கள் இந்தக் காற்று வீசிய காலத்தில்தான் எழுந்தன. பம்பாயில் 1885-ல் ஒன்று; கல்கத்தாவில் 1893-ல் ஒன்று; பாளையங்கோட்டையில் 1897-ல் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கில மாது நிறுவியது ஒன்று. வேறு எங்கும் போக இடமில்லாத குழந்தைகளுக்கு இவை நிழல் கொடுத்தன. அதை மறந்தால் பாவம்.

ஆனால் வெறும் உதட்டைப் பார்த்துப் பாஷை கற்பது என்பது என்ன வேலை தெரியுமா? வாசகர்கள் கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பணம்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். உதடு இரண்டையும் ஒன்றுபோலத்தான் காட்டும். 'கல்' என்னும்போது முதல் எழுத்து தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பாஷை தெரிந்தவன் சந்தர்ப்பத்தை வைத்து ஊகிக்கலாம். பாஷையே தெரியாத குழந்தை எதை வைத்து ஊகிக்கும்? பூட்டைத் திறக்கும் சாவியைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைத்த கதைதான்.

விளைவு தெரிய எண்பது வருஷம் ஆயிற்று. 1965-ல் அமெரிக்க அரசாங்கம் அமைத்த குழு ஒன்று, காது கேளாதவர் கல்வியைக் குறித்துத் திருப்திப்பட நமக்கு நியாயம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பிரிட்டனில் கான்ராட் என்பவர் பள்ளியை விட்டு வெளியேறும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 1979-ல் வெளியிட்டார். அவர்களுடைய படிக்கும் திறன் நடுத்தரமாக ஒன்பது வயதுக் குழந்தையின் அளவில் நின்றிருந்தது.

*

இந்தத் தோல்வியின் மேல்தான் இரண்டாவது சமரசம் எழுந்தது. கலிபோர்னியாவில் ஸாண்டா ஆனா என்ற ஊரில் ராய் ஹோல்கம் என்ற ஆசிரியர், 1968 வாக்கில், "குழந்தைக்கு எது எட்டுமோ அதையெல்லாம் கொடுங்கள். பேச்சு, சைகை, விரலெழுத்து, படம், எழுத்து, காதுக் கருவி, எதையும் தள்ளாதீர்கள்" என்றார். அவரும் காது கேளாதவர். அவர் பிள்ளைகளும் அப்படியே. இதற்கு 'டோட்டல் கம்யூனிகேஷன்', அதாவது முழுத் தொடர்பு முறை என்று பெயரிட்டார்கள். மேரிலாண்டு பள்ளியின் தலைவர் டேவிட் டென்டன் இதை எடுத்துக்கொண்டு ஊரெங்கும் பரப்பினார். பத்தே வருஷங்களில் அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வகுப்புகள் இந்த முறைக்கு மாறிவிட்டன. நூறு வருஷம் கட்டிக் கிடந்த கைகள் அவிழ்ந்தன. பெற்றவர்கள் முதன்முறையாகத் தங்கள் குழந்தையோடு நாலு வார்த்தை பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் நடைமுறையில் 'எது எட்டுமோ அது' என்பது 'எல்லாம் ஒரே சமயத்தில்' என்று ஆகிவிட்டது. ஆசிரியை வாயால் இங்கிலீஷ் பேசுவாள். அதே மூச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சைகையாகக் கையும் காட்டுவாள். விகுதிக்கு ஒரு சைகை, காலத்துக்கு ஒரு சைகை என்று புதியவை சேர்த்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் த லெப்பே இறக்காமல் விட்டு, பின்வந்தவர்கள் இறக்கி வைத்த அதே மூட்டைதான்! யாருக்கும் ஞாபகமில்லை.

இதில் என்ன குறை? கையின் பேச்சும் ஒரு முழு பாஷை என்பதைக் கவனிக்காததுதான் குறை. வாஷிங்டன் கல்லூரியில் இங்கிலீஷ் கற்பிக்க வந்த வில்லியம் ஸ்டோகி, மாணவர்களின் சைகையைப் பார்த்து, இது ஊமை ஜாடை அல்ல, உள்ளே இலக்கணம் ஓடுகிறது என்று 1960-ல் எழுதினார். சக ஆசிரியர்களே சிரித்தார்கள். அவர் விடவில்லை. காது கேளாத இரண்டு பேரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1965-ல் ஓர் அகராதியே வெளியிட்டார். அந்த அமெரிக்கச் சைகை மொழியில் 'கொடு' என்ற சைகை என்னிடமிருந்து உங்கள் பக்கம் போனால் நான் உங்களுக்குக் கொடுக்கிறேன். உங்களிடமிருந்து என் பக்கம் வந்தால் நீங்கள் எனக்குக் கொடுக்கிறீர்கள். யார், யாருக்கு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. புருவத்தை உயர்த்தினால் வாக்கியம் கேள்வியாகிவிடும். நமக்கு வேற்றுமை உருபு எப்படியோ, அவர்களுக்குத் திசையும் முகமும் அப்படி.

இப்போது வாயால் இங்கிலீஷ் பேசிக்கொண்டே இதைச் செய்யுங்கள் பார்ப்போம். முகம் பேசுவதற்கு வேண்டியிருக்கிறது. கை இங்கிலீஷ் சொல் வரிசையில் போக வேண்டியிருக்கிறது. 'நான் போகிறேன் க்கு பள்ளிக்கூடம்' என்று ஒருவர் நாள் முழுவதும் நம்மிடம் பேசினால் நம் குழந்தைகள் தமிழ் கற்றுக்கொள்ளுமா, இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுமா?

வேகம் என்று இன்னொரு தொல்லையும் இருக்கிறது. இரண்டு பாஷையும் தெரிந்தவர்களை ஒரே கதையை வாயால் ஒரு முறையும் கையால் ஒரு முறையும் சொல்லச் சொல்லி 1972-ல் பெலூகி, ஃபிஷர் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். ஒரு சைகை காட்டும் நேரத்தில் வாய் ஏறக்குறைய இரண்டு சொல் சொல்லிவிடுகிறது. ஆனால் கதை முடிவதற்கு ஆன நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே! கை, சொல்லைக் குறைத்துக்கொண்டு, திசையாலும் முகத்தாலும் ஒரே சமயத்தில் பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. இந்த இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினால், ஒன்று வாய் மாட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். அல்லது கை மாடு வழியில் சரக்கை உதிர்த்துக்கொண்டே ஓட வேண்டும். 1979-ல் மார்மோர், பெட்டிட்டோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நன்றாகத் தேர்ந்தவர்கள் என்று பேர் வாங்கிய ஆசிரியர்களைப் படம் பிடித்துச் சொல் சொல்லாக ஒப்பிட்டபோது நடந்திருந்தது இரண்டாவதுதான். வாய் சொன்னதைக் கை மிகப் பெரும்பாலான வாக்கியங்களில் முழுதாகச் சொல்லவில்லை. வாய் சரியாகப் பேசியதால் குறை ஆசிரியர் காதுக்கே தெரியவில்லை. குழந்தைக்கோ வாய் கேட்காது. உதிர்ந்தது போக மிஞ்சியதுதான் அதற்குப் பாஷை.

மிலான் தீர்மானம் இதைத்தானே சொன்னது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் கலந்தால் கெடும் என்றதில் மிலான் பெரியவர்கள் முழுக்கத் தப்பில்லை. ஆனால் கலப்பு கெடும் என்றால் எதைத் தனியாக வைத்துக்கொள்வது? குழந்தைக்குக் கண்ணால் முழுதாக எட்டும் ஒன்றை எறிந்துவிட்டு, எட்டாத ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அங்கேதான் பிசகு.

*

சரியான பதிலைப் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. நிகராகுவா தேசத்தில் குழந்தைகள் சொன்னார்கள். 1977-க்குப் பிறகு மனாகுவா நகரில் நூற்றுக்கணக்கான காது கேளாத பிள்ளைகள் முதன்முறையாக ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவும் ஸ்பானிஷ் எழுத்தும் கற்பிக்க முயன்றார்கள், அதிகம் ஏறவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்திலும் பள்ளி பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டு ஜாடைகளை ஒன்றாகக் கொட்டினார்கள். அடுத்து வந்த குட்டிகள் அதைப் பிடித்து இலக்கணம் ஏற்றின. 1986-ல் மொழியறிஞர் ஜூடி கேகல் போய்ப் பார்த்தபோது அங்கே புத்தம் புதிய ஒரு பாஷை நடமாடிக்கொண்டிருந்தது. எந்த ஆசிரியரும் அதைக் கற்பிக்கவில்லை.

ஸ்வீடன் தேசம் 1981-ல் சைகை மொழியைக் காது கேளாதவர்களின் பாஷையாக ஏற்று, அதையும் ஸ்வீடிஷ் எழுத்தையும் இரண்டு தனிப் பாஷைகளாகப் பள்ளிகளில் வைத்தது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே சர்வதேச ஆசிரியர் மகாநாடு, மிலான் தீர்மானங்களைத் தள்ளி, அவற்றால் நேர்ந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருஷம் கழித்து! நம் தேசத்தில் இந்தியச் சைகை மொழிக்கென்று 2015-ல் டில்லியில் ஒரு நிலையம் ஏற்பட்டது. 2020 கல்விக் கொள்கையிலும் அதற்கு இடம் கிடைத்தது. காதுக்குள் கருவி பொருத்தும் வைத்தியமும் வந்து, பல குழந்தைகளுக்கு ஒலி கிடைக்கிறது. நல்லதுதான். கருவி வேலை செய்யும் வரையில், அல்லது செய்யாமலே போனால், குழந்தை எந்தப் பாஷையில் அழும், எந்தப் பாஷையில் கேள்வி கேட்கும் என்பதுதான் பாக்கி.

*

சில வருஷங்களுக்கு முன் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேகம்! நடுவில் ஒரு பெண்மணி ஏதோ கதை சொல்ல, மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது புத்தகம் எழுதிய நான் ஒன்றும் விளங்காமல் நின்றேன். அந்த மூலையில் ஊமை நான் ஒருவன்தான்.

அவள் திரும்பினாள். என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தன் புடவைத் தலைப்பை எடுத்துப் பல்லால் கடித்துக் காட்டினாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பதில் சொல்லப் பாஷை மறந்து போயிருந்தது. ஞாபகம் இருந்த ஒரே சொல், பால்காரர். தலைக்கு மேல் விரலைச் சுழற்றினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி நல்ல தமிழில் எழுதிப் பேசினாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். முதலில் வாயை மட்டும் பார்க்கச் சொன்னார்களாம். பிறகு வந்த டீச்சர் வாயும் கையும் சேர்த்துப் பேசினாளாம். "ரொம்ப நல்ல டீச்சர். எங்களுக்காகவே கை பழகினார். பாதி புரியும்" என்று எழுதினாள்.

"மீதிப் பாதி?" என்று எழுதினேன்.

"ராத்திரி விடுதியில் பெரிய அக்காக்கள் வராந்தா விளக்கில் கையால் திரும்பச் சொல்லுவார்கள். அப்போது முழுக்கப் புரியும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "பாட்டி எப்படி இருக்கிறார்?"

பாட்டி போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அதை எழுதப் பேனாவை எடுத்தேன். அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.